நாய்க் கண்காட்சியும் இனத்தரமும் (தமிழ்நாடு)

நாய்க் கண்காட்சி என்பது தூய இன நாய்களை, அந்தந்த இனத்திற்கென எழுதி வைக்கப்பட்ட இலக்கணத்துடன் ஒப்பிட்டு, நடுவர் ஒருவர் தரவரிசைப்படுத்தும் போட்டி ஆகும். இவ்விலக்கணம் இனத்தரம் எனப்படுகிறது. உயரம், எடை, தலையின் வடிவம், காது, வால், மயிர், நிறம், நடை ஆகியன எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இனத்தரம் வரையறுக்கிறது. நாயின் செவித்திறன், இதய நலம், பெற்றோருக்கு இடையேயான இரத்த உறவு ஆகியவற்றை நடுவர் கண்ணால் காண இயலாது. இனத்தரம் குறித்து உலகெங்கும் எழுந்துள்ள கவலைகளில் பெரும்பாலானவை இவ்விடைவெளியில் இருந்தே தோன்றியவை. தமிழ்நாட்டில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக அமைவது இராசபாளையம் நாயின் பால்வெள்ளை நிறம் ஆகும்.

வரலாறு

முறையாக ஏற்பாடு செய்யப்பட்ட முதல் நாய்க் கண்காட்சி 1859 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடைபெற்றது. பாயின்டர், செட்டர் என்னும் இரு வகை வேட்டை நாய்கள் மட்டுமே அதில் பங்கேற்றன. 1873 இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டு, வம்சாவளிப் பதிவேடு பேணும் வழக்கம் உறுதி பெற்றது. புகழ்பெற்ற கிரப்ட்ஸ் கண்காட்சி 1891 இல் தொடங்கியது. பெல்சியம், பிரான்சு, செருமனி, ஆசுத்திரியா, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் கழகங்கள் இணைந்து 1911 இல் எஃப்.சி.ஐ. எனப்படும் அனைத்துலக நாய்கள் கூட்டமைப்பை உருவாக்கின. இக்கூட்டமைப்பு நாய் இனங்களைப் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கிறது.

பிரித்தானியர் ஆட்சியில் இவ்வழக்கம் இந்தியாவுக்கு வந்தது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தனது தொடக்கத்தை 1896 ஆம் ஆண்டில் இருந்து கணக்கிடுகிறது. இதன் தலைமையகம் தற்போது சென்னையில் உள்ளது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், சேலம், கொடைக்கானல் முதலிய இடங்களில் கண்காட்சிகள் நடைபெறுவது வழக்கம். உதகமண்டலத்தில் தென்னிந்தியக் கென்னல் கிளப் கோடைக் காலத்தில் நடத்தும் கண்காட்சி மிகப் பழையது. ஆங்கிலேய அலுவலர்கள் வெயிலுக்கு அஞ்சி மலையேறிய காலத்தின் எச்சமாக அதனைக் கொள்ளலாம். குளிர்நாட்டு நாய்களை அரங்கில் நிறுத்துவதற்கு மாநிலத்தில் அதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை.

நீண்ட காலமாக இக்கண்காட்சிகளில் ஆல்சேசன், லாப்ரடார், டாபர்மேன் போன்ற அயல்நாட்டு நாய்களே மிகுந்திருந்தன. உள்நாட்டு இனங்கள் மீது கவனம் திரும்பியது பின்னரே ஆகும். மேஜர் டபிள்யூ. வி. சோமன் 1963 இல் இந்திய நாய்கள் பற்றி எழுதிய ஆங்கில நூல் இத்துறையின் முன்னோடியாகும். சு. தியடோர் பாஸ்கரன் எழுதிய இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் 2017 இல் வெளிவந்தது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. இராசபாளையம், முதோல், இராம்பூர், இமயமலை ஆட்டு நாய் என்பனவே அவை.

போட்டி நடைபெறும் முறை

கண்காட்சியில் நாய்கள் வயது, பால் அடிப்படையில் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. குட்டிகளுக்கும் இளம் நாய்களுக்கும் தனித்தனி வகுப்புகள் உள்ளன. இந்தியாவில் பிறந்த நாய்களுக்கென ஒரு வகுப்பும் உண்டு. நடுவர் நாயின் பற்களைப் பார்ப்பார், உடலைக் கையால் தடவி எலும்பமைப்பை அறிவார், பின்னர் வளையத்தினுள் ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். ஓர் இனத்தில் வென்ற நாய், தன் தொகுதியின் பிற இன வெற்றியாளர்களுடன் போட்டியிடும். தொகுதி வெற்றியாளர்களில் இருந்து கண்காட்சியின் சிறந்த நாய் தேர்ந்தெடுக்கப்படும்.

நடுவர் நாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதாகப் பார்வையாளருக்குத் தோன்றினாலும், கொள்கை அளவில் ஒவ்வொரு நாயும் தன் இனத்தரத்துடன் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. எனவே இனத்தரத்தில் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு சொல்லும் விளைவு உடையது. முகம் குட்டையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், எவ்வளவு குட்டை என்பதை வளர்ப்போரும் நடுவர்களும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாற்றிச் செல்கின்றனர். வென்ற ஆண் நாயை இணை சேர்க்கப் பலர் நாடுவர். அதன் குட்டிகளுக்கு விலை கூடும். இவ்வாறு ஒரே ஆண் நாயின் மரபணுக்கள், அவற்றுள் மறைந்திருக்கும் குறைகளும் சேர்த்து, சில தலைமுறைகளில் இனம் முழுவதும் பரவுகின்றன.

தமிழ்நாட்டு இனங்கள்

தமிழ்நாட்டு நாய் இனங்களுள் பரவலாக அறியப்பட்டவை இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கு. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரால் வழங்குகின்றன. கோம்பை தேனி மாவட்டத்து ஊர். இராசபாளையம் நாய் பாளையக்காரர்களுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. அவர்களின் போர்களில் இந்நாய்கள் பயன்பட்டன என்பது செவிவழிச் செய்தியாகும்.

இந்நாய்கள் அனைத்தும் வேலைக்காக வளர்க்கப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கும், இராசபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பயன்பட்டன. ஓடாத நாயையும் மோப்பமோ செவியோ குன்றிய நாயையும் எவரும் இணை சேர்க்கவில்லை. வேலையே இனத்தரமாக இருந்தது எனலாம். 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை சட்டத்திற்கு எதிரானது. காட்டுயிர்களுக்கு இது நன்மையே. ஆனால் நாயைத் தேர்ந்தெடுக்கும் பழைய அளவுகோல் இதனால் மறைந்தது. அதன் இடத்தில் எஞ்சியது தோற்றம் மட்டுமே.

இனங்களின் எல்லை குறித்தும் ஒருமித்த கருத்து இல்லை. கரிய உடலில் கண்களுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்புக் குறிகள் கொண்ட நாய் கன்னி என்றும், மயிலை, செவலை முதலிய நிறங்களில் அமைவது சிப்பிப்பாறை என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. இரண்டும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளே என்று கூறுவோரும் உள்ளனர். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை நிறத்தை வைத்து இரு இனங்களாகப் பதிவு செய்தால், ஏற்கனவே சிறிதாக உள்ள கூட்டம் இரண்டாகப் பிளவுபடும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள ஆணையம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று. அவை இராசபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்தின் முதோல் என்பன. கன்னி அவற்றுள் தனி இனமாக இடம்பெறவில்லை.

பால்வெள்ளை நிறமும் காது கேளாமையும்

கறையற்ற பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகியவை இராசபாளையம் நாயின் சிறப்பு அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. ஆனால் இவ்வினத்தில் கருப்பு, பழுப்பு, புள்ளி கொண்ட குட்டிகளும் பிறப்பதுண்டு. முற்காலத்தில் வளர்ப்போர் பலர் இத்தகைய குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. வெள்ளைக் குட்டிக்கே விலை என்பதே இதன் காரணம்.

இராசபாளையம் நாய்களில் காது கேளாமை காணப்படுவதை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிவர். நீலக்கண் உடைய குட்டிகளில் இது மிகுதி என்பதும் அவர்களது அனுபவம். நிறத்திற்கும் செவிக்கும் உள்ள தொடர்பு தற்செயலானது அன்று. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நிறமி உயிரணுக்கள் உட்செவியின் நத்தைச்சுருளிலும் உள்ளன. ஒலியை உணரும் மயிரணுக்களுக்குத் தேவையான வேதிச் சூழலைப் பேணுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. கரு வளரும்போது நிறமி உயிரணுக்கள் முதுகுப் பகுதியில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. சில மரபணு மாற்றங்கள் இப்பரவலைத் தடுக்கின்றன. நிறமி உயிரணு சென்று சேராத இடத்தில் மயிர் வெண்மையாகவும் தோல் இளஞ்சிவப்பாகவும் அமையும். உட்செவியை அவை அடையாவிட்டால், குட்டி பிறந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் மயிரணுக்கள் அழிந்துவிடும். பின்னர் அவை மீள உருவாவதில்லை.

வெள்ளை நாய்கள் அனைத்தும் செவிப்புலன் குன்றியவை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சமோயெட் போன்ற இனங்களில் நிறமி உயிரணுக்கள் உரிய இடத்தில் உள்ளன, அவை உருவாக்கும் நிறமியே குறைவு. அவற்றின் மூக்கு கரியதாக இருப்பதே இதற்குச் சான்று. மாறாக, இளஞ்சிவப்பு மூக்கு நிறமி உயிரணுக்கள் அப்பகுதியை எட்டாமையின் அறிகுறியாகக் கொள்ளத்தக்கது. ஆகவே, இளஞ்சிவப்பு மூக்கும் முழு வெண்மையும் சேர்ந்த நாய்க்கே பரிசு என்னும்போது, இடர் மிகுந்த மரபுக்கே பரிசு வழங்கப்படுகிறது. காவலுக்கும் வேட்டைக்கும் உருவான நாயை அதன் காது கேளாத திசையில் செலுத்துவது இத்தேர்வின் விளைவாகும்.

இதே சிக்கல் வெண்மையில் கரும்புள்ளி கொண்ட டால்மேசன் இனத்தில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்ட டால்மேசன்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்கு ஒரு காதிலோ இரு காதுகளிலோ கேட்கும் திறன் இல்லை. அவற்றுள் ஒரு காது மட்டும் கேளாதவையே மிகுதி. இராசபாளையம் வளர்ப்போருக்கும் இது முக்கியமான செய்தி. ஒரு காது கேட்கும் நாய் இயல்பான நாயைப் போலவே நடந்துகொள்ளும், கூப்பிட்டால் வரும், கண்காட்சியில் வெல்லவும் செய்யும். ஆனால் குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும்.

குட்டி உறங்கும்போது பின்னால் இருந்து கை தட்டிப் பார்ப்பது வழக்கமான சோதனையாகும். இது போதுமானது அன்று. தரையின் அதிர்வையும் காற்றின் அசைவையும் குட்டி உணர்ந்துவிடும். உடன்பிறந்த குட்டிகள் எழுந்தால் அதுவும் எழுந்து ஓடும். ஒரு காது மட்டும் கேளாமையை இம்முறையால் அறியவே முடியாது. மூளைத்தண்டின் மின் துலங்கலைப் பதிவு செய்யும் பேர் (பிஏஇஆர்) சோதனையே ஒவ்வொரு காதையும் தனித்தனியே அளக்க வல்லது. குட்டிக்கு ஐந்து வாரம் நிறைந்தபின் இதனைச் செய்யலாம். வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். இச்சோதனைக்குரிய கருவி எளிதில் கிடைக்காத ஊர்களில், நிறம் கொண்ட குட்டிகளை ஒதுக்காமல் இனப்பெருக்கத்தில் சேர்ப்பதே செலவற்ற வழியாகும்.

மூடிய பதிவேடும் இரத்த உறவும்

பதிவு பெற்ற பெற்றோருக்குப் பிறந்த குட்டியை மட்டுமே பதிவு செய்வது என்ற விதி இருப்பின் அது மூடிய பதிவேடு எனப்படும். புதிய இரத்தம் உள்ளே வர வழியில்லாததால், தலைமுறை செல்லச் செல்ல எல்லா நாய்களும் ஒன்றுக்கொன்று உறவாகின்றன. உறவின் அளவு உட்கலப்புக் கெழுவால் குறிக்கப்படும். தந்தையும் மகளும் இணைந்தால் பிறக்கும் குட்டிக்கு இது 25 விழுக்காடு. தந்தை அல்லது தாய் மட்டும் ஒன்றாக உள்ள நாய்கள் இணைந்தால் 12.5 விழுக்காடு. கெழு உயர உயர, இரு பக்கமும் மறைந்திருந்த ஒரே குறை ஒன்று சேர்ந்து வெளிப்படும் வாய்ப்பும் உயரும்.

பதிவேட்டைத் திறந்தால் இனம் கெட்டுவிடும் என்ற அச்சத்திற்கு டால்மேசன் வரலாறு ஒரு விடையாகும். இவ்வினத்தில் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் இயல்பு குன்றியிருப்பதால் சிறுநீர்க்கல் உண்டாகிறது. குறையற்ற மரபணு அவ்வினத்திற்குள் காணப்படவில்லை. அமெரிக்க மரபியலாளர் இராபர்ட் ஷைபில் 1973 இல் ஒரு டால்மேசனை ஒரு முறை மட்டும் பாயின்டர் நாயுடன் கலந்து, பின்னர் வந்த தலைமுறைகளை மீண்டும் மீண்டும் டால்மேசன்களுடனேயே இணைத்தார். தோற்றத்தில் வேறுபாடு காண முடியாத, நோயற்ற டால்மேசன்கள் கிடைத்தன. ஆயினும் அமெரிக்கக் கென்னல் கிளப் இம்மரபை நிலையாக ஏற்றுக்கொண்டது 2011 இல் தான். மரபியல் சிக்கலைத் தீர்க்கச் சில ஆண்டுகளே பிடித்தன. கழகத்தாரின் மனத்தை மாற்ற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. இராசபாளையம் நாய்க்கு வேற்று இனக் கலப்பு கூடத் தேவையில்லை. ஒதுக்கப்படும் நிறக் குட்டிகள் அதே இனத்தில் பிறந்தவையே.

ஐக்கிய இராச்சியத்தில் 2008 இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று, கண்காட்சி நாய்களின் மரபு நோய்களை வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டில் இருந்து கிரப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதை பிபிசி நிறுத்தியது. 2009 இல் பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு ஆகிய உறவுகளுக்குள் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதை அந்நாட்டுக் கென்னல் கிளப் நிறுத்தியது. விலங்கியலாளர் பாட்ரிக் பேட்சன் தலைமையில் நடைபெற்ற தனி விசாரணையின் அறிக்கை 2010 இல் வெளியானது. 2012 கிரப்ட்ஸ் கண்காட்சியில், நலக்குறைவு மிகுந்தவை எனக் கருதப்பட்ட 15 இனங்களின் வெற்றியாளர்களைக் கால்நடை மருத்துவர்கள் சோதித்தனர். புல்டாக், பீக்கிங்கீசு உட்பட ஆறு நாய்கள் தகுதியிழந்தன. நடுவரின் கண்ணுக்கு இனத்தின் சிறந்த நாயாகத் தோன்றியது, மருத்துவரின் கண்ணுக்கு நோயுற்ற நாயாகத் தோன்றியது.

இந்தியாவில் இக்கவலை பெரும்பாலும் பக் நாயை முன்னிட்டே பேசப்படுகிறது. 2003 ஆம் ஆண்டளவில் ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றிய பின் இந்நாய் நாடெங்கும் விரும்பப்பட்டது. நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலம் உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. முகம் குட்டையாக்கப்பட்ட நாயின் மூச்சுவழி குறுகியது என்பதால், தமிழ்நாட்டுக் கோடையில் அது பெரிதும் துன்புறும்.

இனத்தரம் அற்ற நாய்கள்: திருவண்ணாமலை

எந்த இனத்தரத்திற்கும் உட்படாத ஊர் நாய்களே நாட்டில் மிகப் பெரும்பான்மை. கண்காட்சி வளையத்தில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றைப் பொதுமக்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறியத் திருவண்ணாமலை ஏற்ற ஊராகும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் வாழும் நாய்கள் அடியவர்கள் இடும் உணவையும் சார்ந்துள்ளன. நாயை ஊர்தியாகக் கொண்ட பைரவருக்கு அருணாசலேசுவரர் கோயிலில் வழிபாடு நடைபெறுகிறது.

இவ்வூரில் 1896 முதல் 1950 வரை வாழ்ந்த இரமண மகரிசி, ஆசிரமத்து நாய்களைப் பையன்கள் என்று குறிப்பிடுவது வழக்கம். அவற்றுக்கு முதலில் உணவிடச் செய்ததாகவும் அவருடன் வாழ்ந்தோர் எழுதியுள்ளனர். இரமணாசிரமத்தில் இலட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளுக்கு அருகே ஜாக்கி என்ற நாயின் சமாதியும் உள்ளது. ஜாக்கி என்ன இனம் என்று அங்கு எவரும் கேட்பதில்லை.

ஊர் நாய்கள் தம் இணையைத் தாமே தேடுவதால் உட்கலப்பு குறைவு. அதனால் வரும் மரபு நோய்களும் அவற்றில் அரிது. ஆனால் ஊர் நாய் இயல்பிலேயே நலமானது என்று கூறுவது மிகைப்படுத்தல் ஆகும். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, சாலை விபத்து, பட்டினி ஆகியவற்றால் குட்டிகளில் பெரும்பகுதி வளர்வதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. எஞ்சுவது வலிமை வாய்ந்த நாய் என்பதற்குப் பின்னால் இவ்விறப்புகள் உள்ளன. திருவண்ணாமலையில் 2007 முதல் இயங்கும் அருணாசலா விலங்குகள் காப்பகம் தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி, சிகிச்சை ஆகியவற்றை அளித்து வருகிறது.

அரசும் சட்டமும்

உள்நாட்டு இனங்களைப் பேணும் நோக்குடன் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய குட்டிகள் இங்கு விற்கப்பட்டன. பின்னாளில் இப்பிரிவின் நிலை குறித்து விலங்கு நல அமைப்பினர் வழக்குத் தொடர்ந்தனர். 2016 இல் சென்னை உயர் நீதிமன்றம் இதனை மூட உத்தரவிட்டது. இது நாட்டு இனங்களுக்கு எதிரானது என்று சிலர் வாதிட்டனர். இனத்தைக் காப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்த தனி நாயைக் காப்பதும் ஒன்றல்ல என்பது இவ்வழக்கில் வெளிப்பட்டது.

2016 ஏப்ரலில் வணிக நோக்கில் நாய்களை இறக்குமதி செய்வதை நடுவண் அரசு தடை செய்தது. 2017 இல் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகள் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றல் ஆகாது. பதினெட்டு மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்த்தலும், உடன்பிறந்த நாய்களைத் தம்முள் இணை சேர்த்தலும் கூடாது. 2020 ஆகத்து 30 அன்று தலைமை அமைச்சர் நரேந்திர மோதி தமது வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

2024 இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இங்குள்ள தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத அயல்நாட்டு இனங்கள் சிலவற்றைப் பெருக்குவதைத் தடுப்பதும், உள்நாட்டு இனங்களை ஊக்குவிப்பதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். நாய் வளர்ப்போர் தரப்பில் இருந்து இதற்கு நீதிமன்றத்தில் எதிர்ப்பும் எழுந்தது. எவ்வினத்தை வளர்க்கலாம் என்பதைச் சுற்றியே விவாதம் நடைபெற்றது. அனுமதிக்கப்பட்ட இனத்திற்குள் எந்தக் குட்டியை வளர்ப்பது, எதை ஒதுக்குவது என்பது இன்றும் வளர்ப்போர் கையிலேயே உள்ளது. இராசபாளையம் குட்டி வாங்குவோர் பலர் மூக்கின் நிறத்தைப் பார்த்தே விலை பேசுகின்றனர்.